மேகம் நடக்கும் சத்தம்

— அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் தண்ணிய மறைக்குது.

— தண்ணில ஒருத்தரும் இல்லியே. பிள்ளைங்க எல்லாம் ஹாலுக்குப் போயிட்டாங்க. கேக் வெட்டப் போறாங்களாம். உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.

— எனக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்க, போதும். ஆள் இல்லாத நேரத்துலதான் நான் இங்க உட்காரணும்.

— ஆள் இல்லாத ஸ்விம்மிங் பூலுக்குக் காவலா, ஜாகா வேலையா? நல்ல வேலைதான் அக்கா, சம்பளம்… லேனா?

— யாரது?

— லேனா, நீதானே? தொப்பியும் முதுகும் மட்டும் தெரிஞ்சுச்சா, யாரோ அக்கான்னு நெனச்சேன்.

— அந்தப் பேர் சொல்லி என்னைக் கூப்பிடுற ஆள் ஒருத்தர்தான். தள்ளி நில்லுங்க, திமோத்தி. இன்னமும் நிழல் மறைக்குது.

— எத்தனை வருஷம் கழிச்சுப் பார்க்கிறோம். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டியா?

— இந்த விசில் கழுத்துல இருக்கிற வரைக்கும் கண்ணு தண்ணிலதான். கோவம்னு நெனைச்சுக்காதீங்க. பேசுங்க. காது சும்மாதானே இருக்கு. ஆமா, வரும்போது கேட்டுல ராஃபியா கயிறு கட்டியிருந்துச்சே?

— அவுத்துட்டுத்தான் உள்ள வந்தேன்.

— திரும்பக் கட்டினீங்களா?

— நான் இங்கதானே நிக்கிறேன்.

— அன்னைக்கும் எல்லாரும் அங்கதான் நின்னாங்க.

— …சரி சரி. போய்க் கட்டிட்டு வரேன்.

— கேட்டுக்கு ஸ்பிரிங் போச்சு. தானா சாத்திக்காது. மேனேஜ்மென்ட்ல கேட்டா அடுத்த வாரம், அடுத்த வாரம்ங்கறாங்க. அதுவரைக்கும் அந்தக் கயிறுதான் பூட்டு, நான்தான் சாவி… கட்டியாச்சா?

— சுத்திட்டேன். என்ன லேனா இது? நீ இந்தக் காண்டோ அடுக்குமாடியிலயா இருக்க?

— பக்கத்து பிளாட்ல. செந்தூல விட்டா எனக்கு எந்த ஊர் தெரியும்? எங்க அப்பா வேலை பார்த்த ரயில் பட்டறை இந்த மாடில இருந்து பார்த்தா தெரியும். நீங்க கிள்ளான்லதானே?

— கிள்ளான்தான். என் சம்சாரம் குளோரியாவோட சித்தப்பா பேரனுக்கு இன்னைக்குப் பொறந்தநாள். பூல் பக்கத்துல ஒரு மிஸ் தனியா உட்கார்ந்திருக்காங்க, நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்கன்னு குளோரியாதான் அனுப்பினா.

— நீங்களே போய்னா சொன்னாங்க?

— ஆமா. ஏன்?

— ஒண்ணுமில்ல. அந்தச் சேர்ல உட்காருங்க. ஏன் அவ்வளவு தூரத்துல நிக்கிறீங்க? செவுத்தோட ஒட்டிக்கிட்டு?

— இங்கயே நல்லா இருக்கு. நிழல் இருக்கு.

— வெயில் உங்க பக்கம்தான் இருக்கு, திமோத்தி. எனக்கு உங்க நிழலே தரையில தெரியுது.

— தண்ணி கிட்ட என்னால வர முடியாது. விடு. அந்த வெறும் தண்ணில அப்படி என்ன பார்க்கிற?

— வெறும் தண்ணியா? கேளுங்க, சொல்றேன். அடியில வெயில் வலை விரிச்சு வச்சிருக்கு. கண்ணு கண்ணா, தங்கத்துல பின்னின வலை. எல்ஆர்டி ரயில் போகும்போது அது ஒரு தடவை நடுங்கும். பட்டறைப் பக்கத்துல இருந்து இப்ப ஒரு மேகம் வந்துக்கிட்டு இருக்கு. இந்த ஆழமில்லாத பக்கம் படி மேல ஏறி, மெதுவா அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கும். ஒரு சம்பங்கிப் பூ விழுந்து கிடக்கு, சுத்திக்கிட்டே இருக்கு, எந்தக் கரைக்குப் போறதுன்னு தெரியாம. ரொம்ப நேரம் பார்த்தா தண்ணியே தூங்குற பிள்ளை மாதிரி ஏறி எறங்கும். மூச்சு விடுற மாதிரி.

— தூக்கம் வராதா உனக்கு?

— வரும். அதான் விசில். அரை மணி நேரத்துக்கு ஒரு ஆள், அப்புறம் அடுத்த ஆள். காலையில இருந்து பிள்ளைங்களோட அப்பா அம்மாங்க மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டாங்க. கேக்குன்னதும் ஓடிட்டாங்க. கடைசியா என்கிட்ட நின்னுருச்சு.

— விசில மாத்திக்கிறதுக்கு ஒரு முறையா?

— இருக்கு. கொஞ்சம் பாத்துக்கங்கன்னு காத்துல சொல்லிட்டுப் போகக் கூடாது. ஆள் பேரச் சொல்லணும். விசிலக் கையில கொடுக்கணும். தண்ணி உங்க கையிலன்னு சொல்லணும். அவங்க, என் கையிலன்னு சொன்ன பிறகுதான் நாம கண்ண எடுக்கணும்.

— கல்யாண மோதிரம் மாத்துற மாதிரி.

— அதவிட கெட்டியா. மோதிரத்த நாம கழட்டிட்டோம்ல.

— வாய் மட்டும் மாறல உனக்கு.

— ஞாபகம் இருக்கா, அன்னைக்கு எத்தனை பேர் பாத்துக்கங்கன்னு சொன்னாங்க? நீங்க சொன்னீங்க, நான் சொன்னேன், உங்க தங்கச்சி சொன்னா. யாருக்குச் சொன்னோம்? அந்தக் கூட்டத்துக்கு. கூட்டத்துக்கு ஏதுங்க கண்ணு?

— லேனா, அந்தப் பேச்சு வேணாமே.

— நான் அழ மாட்டேன். அழுதா தண்ணி கலங்கித் தெரியும். சும்மா பேசுவோம். உங்க அப்பாவுக்கு எழுபதாவது பொறந்தநாள். கிள்ளான்ல வாடகைக்கு எடுத்த பங்களா. பிள்ளைங்கள சாப்பாட்டுக்கு வெளிய எடுத்தாச்சு. துவட்டியாச்சு. நம்ம பிள்ளை கால்வின் கையில இருந்த காத்து மிதவைய நான்தான் கழட்டினேன். இனிமே பயமில்லன்னு எல்லாருக்கும் நெஞ்சு லேசாச்சு. அப்ப உங்க ஞானமணி பெரியப்பா எழுந்தாரு.

— ஜெபம்.

— ஆமா, ஜெபம். நாங்க கத்தோலிக்கப் பக்கம், சிலுவை போட்டு நாலு வரி, சோறு. உங்க மெத்தடிஸ்ட் பெரியப்பா லேசுல விடுவாரா? பொறந்தநாள்காரர்ல ஆரம்பிச்சு, நாட்ட ஆளுறவங்க, ஆஸ்பத்திரில கிடக்கிறவங்க, லண்டன்ல படிக்கிற பிள்ளைங்க, கிளாந்தான்ல வெள்ளத்துல மாட்டினவங்கன்னு ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள கோழிக்கறி ஏடு கட்டிரும்.

— சாகுறவரைக்கும் மனுஷன் அப்படித்தான். நீ அப்பல்லாம் என் தொடையக் கிள்ளுவ, சிரிப்ப அடக்க முடியாம.

— அன்னைக்கும் கிள்ளினேன். கண்ண மூடிக்கிட்டு. எல்லாரும் கண்ண மூடினோம், திமோத்தி. வயசானவங்க, வாலிபப் பசங்க, சமையல்காரம்மா, அத்தனை பேரும் ஒரே நேரத்துல. கண்ணத் திறந்துக்கிட்டு இருந்தது அவன் ஒருத்தன்தான். நீலச் செருப்பு ஒண்ணு தண்ணில மிதந்துக்கிட்டு இருந்துச்சு. அத எடுக்கப் போயிருக்கான். மிதவை கழட்டினது அவனுக்கு எங்க ஞாபகம் இருக்கும்? காலையில இருந்து தண்ணி அவனைத் தூக்கிக்கிட்டே இருந்துச்சு. இப்பவும் தூக்கும்னு நம்பித்தான் இறங்கியிருப்பான்.

— போதும்.

— போதும். மேகம் நடுவுக்கு வந்துருச்சு பாருங்க.

— நீ இப்பவும் ஜெபிக்கிறியா?

— தினமும். கண்ணத் திறந்துக்கிட்டு. கோயில்ல ஃபாதர் ஒரு தடவை கேட்டாரு. கடவுளுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல ஃபாதர், கேட்டுட்டேன்னு சொன்னேன்.

— …நானும்.

— என்ன?

— நானும் மூடறதில்ல. குளோரியாவுக்குத் தெரியாது. தலையக் குனிஞ்சுக்குவேன். லேனா, ஒண்ணு கேட்கவா? இத்தனை வருஷமா என்னை அரிக்கிறது. அவன் கூப்பிட்டிருப்பான்ல? அப்பான்னு ஒரு தடவையாவது கத்தியிருப்பான். பெரியப்பா குரல் பெருசு. அதுல எனக்குக் கேட்காம போயிருச்சு. தூங்கும்போது அந்தச் சத்தம் வரும். நான் தேடிக்கிட்டே இருப்பேன்.

— கூப்பிடல.

— உனக்கு எப்படித் தெரியும்? நீயும் கண்ண மூடியிருந்தல்ல.

— அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். நல்லாக் கேளுங்க. தண்ணில மூழ்குற பிள்ளை கூப்பிடாது. கூப்பிட முடியாது. வாய் தண்ணிக்கு மேல வர்ற நேரம் மூச்சு வாங்கவே பத்தாது, அப்புறம் எங்க கத்துறது? கைய ஆட்டிக் கூப்பிடவும் முடியாது. கை ரெண்டும் தண்ணியக் கீழ அமுக்கும். ஏணியே இல்லாத இடத்துல ஏணி ஏறுற மாதிரி. பக்கத்துல நிக்கிறவன் பிள்ளை விளையாடுதுன்னு நெனைப்பான். படத்துல வர்ற மாதிரி சத்தம், தெறிப்பு எதுவும் இருக்காது. அதான் காத நம்பாம கண்ண நம்பி உட்கார்ந்திருக்கேன்.

— அப்ப… கூப்பிடவே இல்லியா?

— கூப்பிடல, திமோத்தி. நீங்க கேட்காம விட்டது ஒண்ணுமே இல்ல. சேர் இழுத்து உட்காருங்க.

— இத நீ எனக்கு அப்பவே சொல்லியிருக்கலாம்.

— அப்ப எனக்கே தெரியாது. தெரிஞ்சப்ப நீங்க கிள்ளானுக்குப் போயிட்டீங்க.

— அதுக்கு அடுத்த சனிக்கிழமை அவனை நீச்சல் கிளாஸ்ல சேர்க்க நீ பேர் கொடுத்திருந்த.

— ஆமா. அந்தக் கோச் அன்னைக்கு ஃபோன் பண்ணாரு, உங்க பையன் வரலியான்னு. அவருக்கு விஷயம் தெரியாது. நான் எழுந்து துண்ட எடுத்துக்கிட்டு நானே போனேன். அப்படித்தான் கத்துக்கிட்டேன். இப்ப சனிக்கிழமையில இந்தப் பூல்லதான் சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

— தண்ணிக்குள்ள எப்படி உன்னால இறங்க முடியுது? எங்க வீட்டுல அந்தப் பேரையே யாரும் சொல்றதில்ல. படமெல்லாம் பெட்டியில. என் பொண்ணு செரீனாவுக்கு ஒரு அண்ணன் இருந்தான்னே தெரியாது. நாலு வயசு. அவளையாவது…

— தெரியும். நாலு வயசு, ரெட்டைச் சடை.

— உனக்கு யார் சொன்னா?

— ஹால்ல பார்த்தேனே. பிங்க் கவுன்.

— ஆமா, ஸ்விம்சூட் கூடாதுன்னு சொல்லிட்டேன். தண்ணிப் பக்கமே நான் விடறதில்ல. பீச் கிடையாது, ஆறு கிடையாது, யாராவது வாட்டர் பார்க்னாலே காரத் திருப்பிருவேன். கத்துக்கொடுக்கணும்னு குளோரியா சண்டை போடுவா. நான் சொன்னேன், கத்துக்கிட்டா பயம் போயிரும், பயம் போனா தண்ணிக்குப் போவா. பயத்தோடயே இருக்கட்டும்.

— தண்ணி அவகிட்ட வராதா?

— எப்படி வரும்?

— குளிக்கிற வாளி. மழைக்கு நிறையற லொங்காங் சாக்கடை. இப்படி ஒரு பொறந்தநாள் வீடு. உங்க பயம் உங்ககூடவே இருக்கும், திமோத்தி. அவ கீழ போகும்போது அது அவளைத் தாங்காது.

— மிதக்கத் தெரிஞ்சா மட்டும் தாங்கிருமா?

— தாங்காது. பார்க்கவும் ஒரு ஆள் வேணும், கேட்டும் சாத்தியிருக்கணும், பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்கணும். எல்லாம் சேர்ந்தாத்தான் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்தக் கொஞ்ச நேரந்தான் நமக்கு இல்லாம போச்சு.

— உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது. அவளுக்கே தண்ணின்னா ஆகாது லா. தலைக்கு ஊத்தினா வீடே இடியும். இப்ப ரெண்டு மூணு மாசமாத்தான் ஏதோ புதுப் பழக்கம்.

— என்ன பழக்கம்?

— பெரிய பேசின் தொட்டியில மல்லாக்கப் படுத்துக்குறா. காது ரெண்டும் தண்ணிக்குள்ள. கைய விரிச்சுக்கிட்டு மேல பார்த்துக்கிட்டு அப்படியே கிடப்பா. என்னடான்னு கேட்டா, உஷ், மேகம் நடக்குற சத்தம் கேட்குதுங்கறா. குளியலறையில ஏது மேகம்? குளோரியா, விடுங்க, அவ விளையாடுறாங்கறா.

— …கேட்குதாமா?

— நீ ஏன் சிரிக்கிற?

— சிரிக்கல. வெயில் கூசுது. உங்களுக்கு ஒண்ணு சொல்லணும், திமோத்தி. இன்னைக்குத்தான் சொல்லணும்னு… இருங்க. அது என்ன?

— எது?

— செவுத்துக்கு மேல. பலூன். சிவப்புப் பலூன்.

— ஆமா. ஹால்ல இருந்து பறந்து வந்துருச்சு. தண்ணில இறங்கிருச்சு பாரேன், எவ்வளவு அழகா…

— எல்லா பொம்மையும் தண்ணிய விட்டு எடுத்து வச்சேன். பலூன் வந்தா பின்னாடியே பிள்ளை வரும். கயித்துல முடிச்சு போட்டீங்கல்ல?

— சுத்தினேன்னு சொன்னேனே.

— முடிச்சு?

— ஒரு நிமிஷந்தானேன்னு…

— போங்க! இப்பவே போய்ப் போடுங்க!

— போறேன், போறேன். உள்ள மைக்ல பேசுறாங்க. கேக் வெட்டலையா இன்னும்?

— மைக் இல்ல, ஜெபம். கண்ண மூடிட்டாங்க. ஓடுங்க, திமோத்தி!

— லேனா, கேட் திறந்து… பாப்பா! செரீனா! நில்லு! நில்லும்மா, அங்க போகாத! ஐயோ, விழுந்துட்டா!

— குதிக்காதீங்க! உங்களுக்கு நீச்சல் தெரியாது, ரெண்டு பேரத் தூக்க என்னால முடியாது. செவுத்துல வளையம் மாட்டியிருக்கு, அத வீசுங்க! நான் இறங்கிட்டேன். செரீனா! செரீனா, மிஸ் வரேன்! மேல பாரு! மேகம் நடக்குற சத்தம் கேட்குதா?

— என்ன சொல்ற நீ? லேனா, அவ முங்கிட்டா! காணோம்!

— வருவா. வந்துட்டா. வயித்த மேல தூக்கு செரீனா, வானத்துக்குக் காட்டு! அப்படித்தான். கைய விரி. அப்படியே இரு. அப்படியே. மிஸ் பக்கத்துலயே வந்துட்டேன்.

— மிதக்குறா… லேனா, அவ மிதக்குறா.

— பிடிச்சுட்டேன். பிடிச்சுட்டேன் தங்கம். இருமு. நல்லா இருமு. துப்பு. இந்தாங்க, கரையில தூக்கி வைக்கிறேன், அந்தத் துண்டப் போடுங்க. உன் பேர் என்ன சொல்லு?

— செ… செரீனா. மிஸ்ஸுக்குத் தெரியுமே.

— தெரியும். நீ சொல்லிக் கேட்கணும். மூச்சு விடு. நெஞ்சு வலிக்குதா?

— இல்ல. மூக்கு எரியுது. கவுன் கனமா இருந்துச்சு மிஸ், கீழ இழுத்துச்சு.

— ஏன்மா வந்த? சொல்லாம ஏன்மா வந்த?

— எல்லாரும் கண்ண மூடிக்கிட்டாங்க அப்பா. பலூன் போறத நான் மட்டுந்தான் பார்த்தேன்.

— என்கிட்ட வா. அப்பாகிட்ட வாம்மா.

— இருங்க, திமோத்தி. கேட் இன்னும் திறந்து கிடக்கு, பலூன் இன்னும் தண்ணிலதான் இருக்கு. மத்த பிள்ளைங்க வருவாங்க. நான் இவ மூச்சப் பார்க்கணும். விசிலப் பிடிங்க.

— நானா?

— வேற யாரு இருக்கா? கழுத்துல போடுங்க. தண்ணியப் பார்த்து நில்லுங்க. திமோத்தி, தண்ணி உங்க கையில. சொல்லுங்க. நீங்க சொல்லாம நான் கண்ண எடுக்க மாட்டேன்.

— என் கையில.

— சரி. செரீனா, சாய்ஞ்சுக்கோ. கை சில்லுன்னு இருக்கு, துண்டுக்குள்ள வை. இவளை இப்பவே டாக்டர்கிட்டக் காட்டிரணும். ராத்திரி இருமினாலோ, மூச்சு இழுத்தாலோ, எழுப்ப முடியாத மாதிரி தூங்கினாலோ, நேரா ஆஸ்பத்திரி. கேட்குதா?

— கேட்குது. எனக்கு எல்லாம் கேட்குது, லேனா. மேகமும்.

— அப்பா, ஏன் அங்கிட்டுப் பார்த்துக்கிட்டுப் பேசுறீங்க? என் மேல கோவமா?

— கோவம் இல்ல பாப்பா. விசில் அப்பா கழுத்துல இருக்கு. கண்ண எடுக்கக் கூடாது.

— அது எனக்குத் தெரியும். கிளாஸ்ல மிஸ் சொல்லியிருக்காங்க.

— கிளாஸா? எந்தக் கிளாஸ்? அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்களா?

— சனிக்கிழமை சனிக்கிழமை. அப்பாகிட்ட நாங்களே சொல்றோம், நீ சொல்லாதன்னாங்க.

— என்கிட்ட கேட்காம உன்னைக் கிளாஸ்ல சேர்த்துட்டாங்களா?

— என்னைச் சேர்க்கல அப்பா. அது கால்வின் அண்ணாவோட கிளாஸ். அண்ணாவால வர முடியலேல்ல, அதான் நான் போறேன்.